முதலில் வாலைக் கவனியுங்கள்!

மாணவர்களே, ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரை முதன்முதலாகப் பூட்டிப் பறக்கவிடப் போகிறீர்களா? மேலே சுழலும் பெரிய விசிறியைப் பார்க்கும் முன், வாலில் உள்ள சிறிய விசிறியைப் பாருங்கள்.

நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? பெரிய விசிறி வலஞ்சுழியாகச் சுழன்றால், உடற்பகுதி இடஞ்சுழியாகத் திரும்ப முயலும். வால் விசிறி காற்றைப் பக்கவாட்டில் தள்ளி அதைத் தடுக்கிறது. உடல் திரும்புவதை உணர்ந்து வால் விசிறிக்குக் கட்டளை தருவது கைரோ என்னும் உணரி.

கைரோவின் திசை தலைகீழாக இருந்தால், ஹெலிகாப்டர் எழும்பியதும் பம்பரமாகச் சுழன்று விழும். ஆகவே, இப்படிச் சோதியுங்கள்:

1. மோட்டாரின் மின்கம்பிகளைக் கழற்றுங்கள்.

2. முதலில் கட்டுப்பாட்டுக் கருவியை முடுக்கி, பிறகு ஹெலிகாப்டரில் மின்கலத்தை இணையுங்கள்.

3. வாலுக்குரிய நெம்புகோலை வலப்பக்கம் தள்ளுங்கள். வால் விசிறியின் இதழ்கள் சாயும் பக்கத்தைக் கையேட்டுப் படத்துடன் ஒப்பிடுங்கள்.

4. ஹெலிகாப்டரின் மூக்கைக் கையால் சட்டென இடப்பக்கம் திருப்புங்கள். இதழ்கள் அதே பக்கம் சாய்ந்தால் சரி. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கைரோவின் திசையை மாற்றுங்கள்.

5. மின்கலத்தைக் கழற்றிய பிறகே மோட்டார் கம்பிகளை மீண்டும் பூட்டுங்கள்.

ஆளில்லாத திடலில், காற்று அடங்கிய வேளையில், பெரியவர் துணையுடன் பறக்கவிடுங்கள். சுழலும் இதழ்கள் விரலை வெட்டிவிடும். பல மீட்டர் தள்ளி நில்லுங்கள். வால் உங்களை நோக்கி இருக்கட்டும். மூக்கு உங்களை நோக்கினால் இடம் வலமாகிவிடும். புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

சிந்திக்க: ஒரே தண்டில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு விசிறிகள் இருந்தால், உடல் சுழல்வதைத் தடுக்க வால் விசிறி தேவையில்லை. ஏன்?