பெயர் தெரிந்தும் வீடு தெரியாத கணினி

“இணையம் வரவில்லை!” வீட்டிலும் கடையிலும் வங்கியிலும் நாள்தோறும் நம் காதில் விழும் சொற்கள் இவை அன்றோ? காய்ச்சல் என்பது ஒரே நோயன்று, பல நோய்களுக்கும் பொதுவான அடையாளம் என்று படித்திருக்கிறோம். “இணையம் வரவில்லை” என்பதும் அத்தகையதே. சிம் அட்டையில் பணம் தீர்ந்திருக்கலாம், கோபுரத்தின் அலை எட்டாமல் இருக்கலாம், கருவியே பழுதாகியிருக்கலாம். இவையெல்லாம் செம்மையாக இருந்தும் மடிக்கணினியில் ஒரு தளமும் திறவாத விந்தையான நிலை ஒன்று உண்டு. காரணம் புரியாமல் பணத்தையும் நாளையும் இழப்பது இந்த நிலையில்தான். அதனைப் பற்றியே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இங்கு எழுத முற்படுகிறோம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியுமே தவிரப் பெயரால் அறியா. இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்றோர் எண் உண்டு. புள்ளியிட்டுப் பிரித்த நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே கிடைக்கும். அவை போதாமற்போகவே, மிக நீண்ட எண்களைக் கொண்ட புதிய முறை ஒன்றும் இப்போது உடன் நடந்து வருகிறது. இத்தகைய எண்களை மனப்பாடம் செய்ய யாரால் இயலும்? ஆகவே நாம் பெயரைத் தட்டுகிறோம். இதனைக் களப் பெயர் என்பர். பெயரைப் பெற்றுக்கொண்டு அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர்.

இதனை விளங்கிக்கொள்ளத் தபால் நிலையத்தை நினைத்தாலே போதும். நம் திருத்தணியின் பின்கோடு 631209. இந்தியாவில் இம்முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உரியது. எல்லைக்கு அப்பாலுள்ள நகரிக்கோ 517590. அங்கே முதல் இலக்கம் 5. கடிதங்களைப் பிரிப்பவர் உறையைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறார். முதலில் பின்கோடு, பிறகு ஊர், தெரு, கதவு எண், கடைசியில்தான் ஆளின் பெயர். களப் பெயரையும் இவ்வாறே கடைசியிலிருந்து படிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் தளப்பெயரில் இறுதியில் வரும் ‘இன்’ இந்தியாவைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள ‘கவ்’ அரசைக் குறிக்கும். அதற்கும் முன்னுள்ள ‘டிஎன்’ தமிழ்நாடு. உலகிற்கெல்லாம் பொதுவான மூலச் சர்வர்கள் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 பெயர்களில் இயங்குகின்றன. அவற்றின் நகல்கள் பல நாடுகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றிடம் கேட்டால், “‘இன்’ பற்றி அறிந்தவர் இன்னார், அவரிடம் போ” என்று வழிகாட்டும். அவரிடம் போனால் ‘கவ்’ பற்றி அறிந்தவரைக் காட்டுவார். இவ்விதம் படிப்படியாக விடை கிடைக்கும். நம் பொருட்டு இவ்வளவு அலைச்சலையும் ஏற்பது ஒரு விசாரணைச் சர்வர். அது ஒரு முறை கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருந்து, அடுத்தவர் கேட்டால் உடனே சொல்லிவிடும்.

இடையே ஒரு செய்தி. சித்தூர் மாவட்டத்தில் இருந்த நம் ஊர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று ஒரு வீடும் இடம் பெயரவில்லை. உறையின் மேல் எழுதும் மாநிலப் பெயர் மட்டும் மாறியது. டி.என்.எஸ்.ஸில் இதற்கு நேர்மாறு! ஒரு தளத்தைப் புதிய கணினிக்கு மாற்றும்போது எண் மாறிவிடும். பெயர் அப்படியே நிற்கும். நமக்கு அந்த மாற்றம் தெரிவதேயில்லை.

இந்த ஏற்பாடு முதலிலிருந்தே இருந்ததா என்றால், இல்லை. 1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் இருந்த கணினிகள் சில நூறுதாம். அவற்றின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் அடங்கின. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அப்பட்டியலைக் காத்து வந்த தகவல் மையத்திற்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபெயின்லர் என்னும் பெண்மணி. புதிய கணினி ஒன்று வலையில் சேர்ந்தால் அம்மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் பட்டியலை நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த வேலை மலையாகக் குவிந்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பட்டியலைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ‘காம்’, ‘எஜு’, ‘ஆர்க்’ முதலிய ஈறுகளை அமைத்ததில் ஃபெயின்லரின் குழுவுக்கும் பங்குண்டு. கணினி வரலாறு என்றதும் ஆண்களின் படங்களையே காட்டும் புத்தகங்கள் இவரையும் காட்டினால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. அந்தப் பழைய பட்டியலின் மரபாக, ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறிய கோப்பு ஒன்று இன்றும் நம் ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருக்கிறது.

இனி மொபைல் இணையத்துக்கு வருவோம். டாங்கிளைச் செருகினாலும், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாலும் மடிக்கணினிக்கு மூன்று செய்திகள் கிடைக்க வேண்டும்: உன் எண் இது, வெளியே செல்லும் வாயில் இது, பெயர் விசாரிக்க வேண்டிய இடம் இது. ஹாட்ஸ்பாட்டில் பெரும்பாலும் கைப்பேசியே தன்னை விசாரணை இடமாகச் சொல்லி, கேள்வியைச் சிம் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவைக்கும். பழைய 3ஜி டாங்கிள்கள் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. வலையிலிருந்து உண்மையான எண் வந்து சேருமுன்பே அவை அவசரப்பட்டு 10.11.12.13 என்றும் 10.11.12.14 என்றும் இல்லாத முகவரிகளைக் கொடுத்துவிடும். குழந்தைகள் எண்ணிப் பழகுவது போன்ற இந்த வரிசையைக் கண்டால் டாங்கிளைத் துண்டித்து மீண்டும் இணைப்பதே வழி.

இதனினும் அடிக்கடி நேர்வது வேறொன்று. எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மறுநாள் கடைசி நாள். வீட்டில் இருந்தது, அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசின் விலையில்லாத் திட்டத்தில் பெற்ற மடிக்கணினி. (இத்திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பெற்றது.) அப்பாவின் கைப்பேசியில் தளங்கள் திறந்தன, அதே ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியில் ஒன்றும் திறக்கவில்லை. பழுது பார்க்கும் கடையில், “எல்லாவற்றையும் அழித்து விண்டோசை மறுபடி ஏற்ற வேண்டும், ஐந்நூறு ரூபாய், நாளை மாலை வாருங்கள்” என்றார்கள். அழித்தால் சான்றிதழ்களின் நகல்களும், அக்காளின் மூன்றாண்டுக் கல்லூரிக் குறிப்புகளும் போய்விடும். நாளை மாலை என்றால் விண்ணப்ப நேரமும் போய்விடும்.

மடிக்கணினியைத் திரும்ப வாங்கிவந்து, எங்களில் நால்வர் கூடி முதலில் கட்டளைச் சாளரத்தைத் திறந்தோம். கறுப்புத் திரை என்றால் எல்லாருக்கும் தெரியும். அதில் ஆங்கிலத்தில் ‘பிங்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்தோம். நான்கு முறையும் பதில் வந்தது. அடுத்து எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தோம். “அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்ற பொருளில் விடை வந்தது. இந்த இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடுகிறது. எண்ணுக்குப் பதில் வருகிறது என்றால் பாதை திறந்திருக்கிறது; சிம், கோபுரம், ஹாட்ஸ்பாட் எதிலும் குறையில்லை. பெயருக்கு மட்டும் பதில் இல்லை என்றால் விசாரணை இடத்தில்தான் கோளாறு. எண்ணுக்கும் பதில் வராதிருந்தால் டி.என்.எஸ்.ஸைக் குறை கூறுவதில் பயனில்லை. இணைப்பையே பார்க்க வேண்டும். அப்போது மடிக்கணினியின் சொந்த எண் 169.254 என்று தொடங்கினால், ஹாட்ஸ்பாட்டிலிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்.

பின்னர் ‘என்எஸ்லுக்அப்’ என்ற கட்டளையைக் கொடுத்தோம். யாரிடம் விசாரிக்கிறது என்பதை அது முதல் வரியிலேயே காட்டும். காட்டியது 10 என்று தொடங்கும் ஓர் எண். அது அக்காள் தங்கிப் படித்த விடுதியின் உள் சர்வர்! விடுதியில் இருந்தபோது யாரோ அதனைக் கையால் எழுதி நிலையாக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்குள் மட்டுமே விடை சொல்லும் சர்வரை, திருத்தணியிலிருந்து மடிக்கணினி கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது. அதே கட்டளையில் தளத்தின் பெயருக்குப் பின் 8.8.8.8 என்றும் சேர்த்துக் கேட்டதும் எண் உடனே வந்துவிட்டது.

மருந்து எளிது. விண்டோசின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், அந்த வைஃபையின் விவரங்களுக்குள் ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ என்றொரு வரி இருக்கும். ‘எடிட்’ என்பதை அழுத்தி ‘மேனுவல்’ என்றிருப்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்க வேண்டும். அதற்குமுன் இருந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. மறுபடி விடுதிக்குப் போனால் தேவைப்படும். பின்பு கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’, இடைவெளி, சாய்கோடு, ‘ஃபிளஷ்டிஎன்எஸ்’ என்று தட்டினால், மடிக்கணினி நினைவில் வைத்திருந்த பழைய விடைகள் நீங்கும். அன்றிரவு ஒன்பது மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஐந்நூறு ரூபாயும் மிச்சம், அக்காளின் குறிப்புகளும் பத்திரம்.

எல்லை ஊரில் வாழும் நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பள்ளிப்பட்டுப் பக்கமோ நகரிப் பக்கமோ போனால் கைப்பேசி ஆந்திரக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் பேச்சு வரும், இணையம் வராது. இதனை டி.என்.எஸ். கோளாறு என்று எண்ணி எண்களை மாற்றத் தொடங்கினால் சிக்கல் இரண்டாகும். கைப்பேசியில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்றொரு இடமும் உண்டு. விளம்பரங்களைத் தடுப்பதாகக் கேள்விப்பட்டுச் சிலர் அதில் ஏதேனும் பெயரை எழுதிவைக்கிறார்கள். அந்தச் சர்வர் நின்றுபோனால் கைப்பேசியும் ஊமையாகிவிடும்.

தானியங்கு முறையில் வரும் சர்வரே பழுதாகிச் சரியாக விடை தராத நாள்களில், பொதுச் சர்வரின் எண்ணைக் கையால் எழுதலாம். கூகுள் 2009 டிசம்பரில் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.1 ஆகியவை பலரும் அறிந்தவை. ஆயினும் நாம் எந்தெந்தத் தளங்களைத் தேடுகிறோம் என்பது விசாரணைச் சர்வருக்குத் தெரியும் என்பதை மறக்கலாகாது. முன்பின் தெரியாதவர் சொல்லும் எண்ணை எழுதவே கூடாது. ‘டிஎன்எஸ்சேஞ்சர்’ என்ற தீய நிரல் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் புகுந்து, விசாரணை எண்ணை மட்டும் இரகசியமாக மாற்றி, மக்களைப் போலித் தளங்களுக்கு இட்டுச் சென்றது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அக்கூட்டத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்தத் திருட்டுச் சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்களின் இணையமே அறுந்துவிடும் என்பதால், அவற்றுக்குப் பதிலாக நல்ல சர்வர்களை 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியதாயிற்று!

நம் வீட்டில் எதை மாற்றினாலும் தீராத டி.என்.எஸ். கோளாறும் உண்டு. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குப் பின் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் உள் இணைப்புகள் அறுந்தன, அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழியும் உலகின் கண்ணிலிருந்து மறைந்தது. மற்றத் தளங்கள் திறந்து ஒன்று மட்டும் திறக்காவிட்டால் குறை அவர்களுடையது என்று காத்திருக்க வேண்டியதுதான்.

கடைசியாக, டி.என்.எஸ். போலவே நடிக்கும் ஒரு சிறு பழுது. நெடுநாள் பெட்டியில் கிடந்த மடிக்கணினியைத் திறந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள் அவற்றுள் அடங்காவிட்டால், பெயருக்கு எண் சரியாகக் கிடைத்தும் “பாதுகாப்பற்ற தளம்” என்று உலாவி கதவை அடைத்துவிடும். தேதியைத் திருத்தினால் போதும். மறுநாளும் அப்படியே பின்னால் போனால், உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரியை மாற்ற வேண்டும்.