கடலை மருந்து ராகிக்கு ஆகாது

ஏரியூர்ப் பக்கம் ஒரு பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது: “நிலக்கடலைக்கு அடிக்கிற புல்லு மருந்தை ராகிக்கும் அடிக்கலாம். ராகி கொஞ்சம் வாடும், அப்புறம் தேறிக்கும்.” தேறாது!

குயிசலோபாப், பெனாக்சாபிராப் வகை மருந்துகள் புல்லினத்தில் உள்ள ஒரு நொதியை முடக்குகின்றன. செல்லுக்கு வேண்டிய கொழுப்பு உருவாகாமல் குருத்து சாகிறது. கடலையில் அந்த நொதியின் அமைப்பு வேறு என்பதால் அது தப்புகிறது. ராகி யார்? அதுவும் புல்தானே. அடித்த பத்தாம் நாள் குருத்தைப் பிடித்து இழுத்தால் அடி அழுகிக் கையோடு வந்துவிடும். அதற்குமேல் யூரியா போட்டு என்ன பயன்?

“களையை மட்டும் கொல்லும் புது மருந்து வந்திருக்காமே?” முளைத்து நிற்கும் காட்டுக் கேழ்வரகு என்ற புல் களையைக் கொன்று ராகியை விட்டுவைப்பது லேசான வேலை அல்ல. ராகியின் மரபணுத் தொகுப்பில் ஒரு பாதி அந்தக் களையின் வழி வந்தது. மலேசியாவில் 1997-லேயே அந்தக் களை, பச்சை எதையும் கொல்லும் கிளைபோசேட்டுக்கே மசியாமல் நின்றது.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். நடவு ராகிக்கு மூன்றாம் நாள் ஈரத்தில் ஏக்கருக்கு 1 லிட்டர் பெண்டிமெத்தலின், 200 லிட்டர் தண்ணீரில். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் சோதித்த பென்சல்பியூரான், பிரெட்டிலாகுளோர் கலந்த குருணையும் உண்டு. இரண்டும் களை முளைக்கும் முன் போட வேண்டியவை. இருபது நாளுக்கு மேல் அடிக்கும் 2,4-டி அகன்ற இலைக் களைக்குத்தான், புல்லை அசைக்காது. மானாவாரியில் ஈரம் நிச்சயமில்லை என்றால் களைக்கொத்துதான்.

“கிளைபோசேட்டில் கல்லுப்பு கலந்தால் புல் திரும்ப முளைக்காது.” பொய். அந்த மருந்து மண்ணில் கிடக்கும் விதையைத் தொடாது. உப்பு மண்ணைத்தான் கெடுக்கும்.

“இரட்டை அளவு, இரட்டைப் பலன்.” பலன் கடைக்காரருக்கு.

“ராகி முரட்டுப் பயிர், களை எடுக்காவிட்டாலும் வரும்.” வரும், ஒரு வேளைக் களி கிண்டுகிற அளவுக்கு!

எத்தனை தடவை சொன்னாலும் கேட்பாரில்லை என்றாலும் சொல்கிறேன்: கையால் வீசி விதைப்பதை விடுங்கள். வரிசையில் விதைத்தால், நட்டால், கைக்களைக் கருவி உள்ளே ஓடும். வரிசைக்கு வெளியே நிற்பது களை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீசி விதைத்த காட்டில் காட்டுக் கேழ்வரகைக் கண்டுபிடிக்க, தட்டையாக வெளுத்த அடித்தண்டை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

விதைக்கு ஒதுக்கும் பாத்தியிலாவது அதைக் கதிர் விடும் முன் பிடுங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல், ஒரு செடியை வேரோடு எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.