அலகு 7: விண்ணப்பக் கடிதம் – சுகவீனத்தால் தவறிய பரீட்சை

மாணவர்களே, கடிதம் எழுதும் வினாவில் பலரும் விலாசத்தையும் திகதியையும் சரியாக எழுதிவிடுகிறீர்கள். பின்னர் உடற்பகுதியில் புள்ளிகளை இழக்கிறீர்கள். இவ்வலகில் ஒரே ஒரு விடயத்தை எடுத்துப் பார்ப்போம். சுகவீனம் காரணமாகத் தவணைப் பரீட்சைக்குத் தோற்ற முடியாத மாணவர் அதிபருக்கு எழுதும் கடிதம் இது. வினாத்தாளில் வராவிட்டாலும் வாழ்க்கையில் தேவைப்படக்கூடிய கடிதம்.

எழுதுவதற்கு முன் விடயத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பரீட்சையைத் தவறவிட்ட மாணவருக்குப் பாடசாலை என்ன செய்யலாம்?

அதே வினாத்தாளைப் பின்னர் கொடுக்கலாம். ஆனால் வினாக்கள் ஏற்கனவே வெளியே வந்துவிட்டன. தவணை வினாத்தாள் வலயத்திலிருந்தோ மாகாணத்திலிருந்தோ வந்திருந்தால் பக்கத்து ரியூட்டரியில் விடையும் கிடைக்கும். வேறு வினாத்தாள் தயாரிக்கலாம். இது நேர்மையானது, எனினும் ஒரு மாணவருக்காக ஆசிரியர் புதிதாக ஒரு வினாத்தாள் எழுதவேண்டும். அது மற்றையதைவிடக் கடினமாகவோ இலகுவாகவோ அமைந்துவிடவும் கூடும். மூன்றாவது வழி, ஏனைய தவணைகளின் புள்ளிகளைக் கொண்டு சராசரி கணிப்பது. நான்காவது, முன்னேற்ற அறிக்கையில் 'வரவில்லை' எனக் குறித்துவிட்டு அப்படியே விடுவது. எதைத் தெரிவுசெய்வது என்பதில் பாடசாலைக்குப் பாடசாலை நடைமுறை வேறுபடும்.

ஐந்தாவது வழியும் ஒன்று உண்டு. அது பூச்சியம் போடுவது. அதனை நான் அனுபவித்திருக்கிறேன்.

தரம் 10 மூன்றாம் தவணைப் பரீட்சையின்போது எனக்குப் பொக்குளிப்பான் கண்டது. எங்கள் வீட்டில் அது 'அம்மாள் வருத்தம்'. வாசலில் வேப்பிலை கட்டினார்கள், மச்சம் சமைக்கவில்லை. வைத்தியரிடம் போகும் பேச்சே இல்லை. பதினைந்து நாள் கழித்துப் பாடசாலைக்குப் போனபோது மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். தழும்பைத்தான் காட்ட முடிந்தது. ஐந்து பாடங்களுக்குப் பூச்சியம் விழுந்தது. தரம் 11இல் எந்தப் பிரிவு என்பதை அந்தச் சராசரிதான் தீர்மானித்தது. பாடசாலையை முழுவதும் குறைசொல்லவும் மனம் வரவில்லை. பொய்ச் சுகவீனம் சொல்லுகிறவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ஆனாலும் பூச்சியமும் 'வரவில்லை'யும் ஒன்றல்ல. பூச்சியம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். 'வரவில்லை' என்றால் இன்னும் அளக்கவில்லை என்று பொருள். இந்த வேறுபாட்டை அன்று எனக்கு எழுதத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே உங்கள் கடிதம் இரக்கம் கேட்கும் கடிதமாக இருக்கலாகாது. என்ன நடந்தது, எப்போது அறிவித்தீர்கள், சான்று என்ன, என்ன வேண்டும் என்பன அதில் இருக்கவேண்டும்.

மாதிரி விடை

அ. ஆ. இ.,
தரம் 11 'ஆ',
............ மகா வித்தியாலயம்.
22.07.20....

அதிபர்,
............ மகா வித்தியாலயம்.
வகுப்பாசிரியர் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா,

சுகவீனத்தால் தோற்றாத பாடங்களுக்கு மீளப் பரீட்சிக்குமாறு வேண்டுதல்

இம்மாதம் 14ஆம் திகதி ஆரம்பமான இரண்டாம் தவணைப் பரீட்சையில் சமயம், தமிழ் ஆகிய பாடங்களுக்கு நான் தோற்றினேன். 15ஆம் திகதி இரவு கடுங் காய்ச்சல் ஏற்பட்டதால் மறுநாட் காலை ஆதார வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். குருதிப் பரிசோதனையில் டெங்குக் காய்ச்சல் என உறுதிசெய்யப்பட்டது. 20ஆம் திகதி வரை விடுதியில் தங்கியிருந்தமையால் கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய மூன்று பாடங்களுக்கும் தோற்ற முடியவில்லை.

16ஆம் திகதி காலையிலேயே எனது தந்தையார் இதனை வகுப்பாசிரியருக்குத் தொலைபேசி மூலம் அறிவித்திருந்தார். வைத்தியசாலை வழங்கிய நோய் நிர்ணய அட்டையின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்களுக்கு வசதியான ஒரு நாளில், வேறு வினாத்தாள் மூலம் இப்பாடங்களில் என்னைப் பரீட்சிக்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். அதற்கு வாய்ப்பில்லாதவிடத்து, முன்னேற்ற அறிக்கையில் '0' எனப் பதியாது 'வரவில்லை' எனப் பதிய ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவி,
அ. ஆ. இ.

அவதானிக்க

'வேறு வினாத்தாள் மூலம்' என்ற சொற்றொடரை ஊன்றிப் பாருங்கள். கேள்விகள் தெரிந்த பின் எழுத நான் விரும்பவில்லை என்பதை மாணவி சொல்லாமற் சொல்கிறாள். அதிபரின் சந்தேகம் அங்கேயே பாதி தீர்ந்துவிடும். இறுதி வேண்டுகோளும் அப்படித்தான். முதலாவது முடியாவிட்டால் இரண்டாவதையாவது செய்யுங்கள் என்று வழி காட்டுகிறது.

மொழியிலும் கவனம் தேவை. பேச்சில் 'வருத்தம்' என்றால் நமக்கு நோய். எழுத்தில் 'வருத்தம் காரணமாகப் பரீட்சைக்கு வரவில்லை' என்றால் கவலையால் வராதது போலாகிவிடும். 'சுகவீனம்' என எழுதுக. 'சோதினை எடுக்கேல்லை' என்பதை 'பரீட்சைக்குத் தோற்றவில்லை' என மாற்றுக. 'நான் மிகவும் கஷ்டப்பட்டுப் படித்தேன், எனது எதிர்காலமே பாழாகிவிடும்' என்ற வகை வசனங்களை ஆண்டுதோறும் திருத்துகிறேன். அவை புள்ளி பெற்றுத் தருவதில்லை.

க.பொ.த. சாதாரண தரத்தில் என்ன நடக்கும்?

இந்தக் கடிதத்தை இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதிப் பயனில்லை. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதும் பரீட்சை அது. ஒருவருக்குக் காய்ச்சல் என்பதற்காக இன்னொரு நாளில் இன்னொரு வினாத்தாள் வைப்பதில்லை. தவறியவர் அடுத்த ஆண்டுப் பரீட்சைக்கே விண்ணப்பிக்க வேண்டும். ஆரம்பித்து அரை மணித்தியாலம் கடந்தபின் மண்டபத்துக்குள் அனுமதியும் இல்லை.

ஆயினும் நேரத்தை மாற்றாவிட்டாலும் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். கொவிட் தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலேயே நடந்தது. தொற்றுக்குள்ளானவர்களுக்கும் தனிமைப்படுத்தலில் இருந்தவர்களுக்கும் விசேட பரீட்சை நிலையங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. அவர்களும் அதே வினாத்தாளுக்கு அதே நேரத்தில் விடையெழுதினார்கள். ஆகவே பரீட்சைக்கு முதல்நாள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் 'எல்லாம் முடிந்தது' என்று வீட்டார் அழுதுகொண்டிருக்க வேண்டாம். உடனடியாக அதிபருக்குச் சொல்லுங்கள். திணைக்களத்தின் 1911 என்ற இலக்கத்துக்கும் அழைத்து என்ன ஒழுங்கு செய்யலாம் என்று கேட்கலாம். வைத்தியர் அனுமதிப்பது முதற் தேவை. டெங்குக் காய்ச்சல் விட்ட மறுநாள்தான் ஆபத்து அதிகம், அப்போது பிள்ளையை மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஒரு பாடத்தைத் தவறவிட்டவர் மிகுதிப் பாடங்களையும் விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். கணிதத்தன்று காய்ச்சல் என்றால் அதற்குப் பிறகு வரும் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் ஏன் விடவேண்டும்? அந்தப் பெறுபேறுகள் உங்களுடையவையே. கணிதத்துக்கு மட்டும் மறுமுறை தோற்றலாம்.

பயிற்சி

1. பரீட்சைக்கு முதல்நாள் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்து வலக்கை முறிந்த மாணவன், தவணைப் பரீட்சையில் சொல்வதை எழுதுபவர் ஒருவரின் உதவியையும் மேலதிக நேரத்தையும் கோரி அதிபருக்கு எழுதும் கடிதத்தை வரைக.

2. பின்வரும் வசனங்களைக் கடிதத்துக்கு ஏற்றவாறு திருத்தி எழுதுக.
(அ) எனக்குச் சரியான வருத்தம், அதாலை சோதினைக்கு வரேல்லை.
(ஆ) நீங்கள் எப்படியாவது பாத்து மாக்ஸ் போடுங்கோ சேர்.

3. மருத்துவச் சான்றிதழ் இல்லாத மாணவி ஒருத்தி, தான் பொக்குளிப்பானால் பாதிக்கப்பட்டிருந்ததை வேறு எவ்வாறு உறுதிப்படுத்தலாம்? அதிபருக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்கக்கூடிய மூன்று வசனங்களைத் தருக.