டாம்கேட் தானாக எதைத் தேர்ந்தெடுக்கிறது?

கேள்வி: டாம்கேட் கனெக்டரில் ‘ஹெச்டிடிபி/1.1’ என்று மட்டும் கொடுத்திருக்கிறேன். உள்ளே இயங்குவது எந்த முறை?
– வாசகர், மானாம்பதி

பதில்: அது பதிப்பைப் பொறுத்தது. 7-ஆம் பதிப்பில் ‘பிஐஓ’தான் இயல்பு, ஓர் இணைப்புக்கு ஒரு த்ரெட். ஒவ்வொரு பயணிக்கும் தனி கண்டக்டர் போட்ட மாதிரி! த்ரெட்களுக்கு இயல்பான வரம்பு 200. 8-இல் ‘என்ஐஓ’ இயல்பானது; சும்மா காத்திருக்கும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஓரிரு த்ரெட்களே கவனித்துக்கொள்ளும். 8.5-இல் பிஐஓ நீக்கப்பட்டது. நேட்டிவ் லைப்ரரி இருந்தால் பழைய பதிப்புகள் ‘ஏபிஆர்’ முறைக்குத் தாவும், 10.1-இல் அதுவும் போய்விட்டது.

சர்வர் கிளம்பும்போது லாகைப் பாருங்கள். ‘ஹெச்டிடிபி-என்ஐஓ-8080’ என்றிருந்தால் என்ஐஓ. முறை தானாக மாறக் கூடாதென்றால், புரோட்டோகால் இடத்தில் வேண்டிய முறைக்கான கிளாஸின் முழுப் பெயரையே எழுதிவிடுங்கள்.