தொலைவிலுள்ள தோட்டம் மெய்தானா?

உங்கள் வீட்டுத் துளசிச் செடிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவீர்கள்? சொம்பில் மொண்டு சென்று ஊற்றுவீர்கள். வெளியூர் போவதானால் அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள். திரும்பி வந்து செடியை ஒரு முறை பார்த்தால் போதும். அவர் ஊற்றினாரா, மறந்தாரா என்பது விளங்கிவிடும்.

இப்பொழுது வேறொரு செடியை எண்ணிக்கொள்ளுங்கள். அது பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் அங்கே ஒருநாளும் போகப்போவதில்லை. அதற்கு நீர் வார்ப்பது ஒரு ரோபோவின் கை. செடி தளிர்விட்டிருக்கிறது என்று உங்கள் கணிப்பொறித் திரை காட்டுகிறது. அதை நம்பலாமா?

இது வெறும் கற்பனை அன்று. 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. 'டெலிகார்டன்' என்று அதற்குப் பெயர். தொலைத் தோட்டம் என்று நாம் சொல்லலாம். கென் கோல்ட்பெர்க், ஜோசப் சான்டரோமானா ஆகிய இருவரும் முன்னின்று அமைத்தார்கள். கோல்ட்பெர்க் ரோபோ ஆராய்ச்சியாளர். அதே சமயம் ஓவியம், சிற்பம் போன்ற கலைகளில் ஈடுபாடு உடையவர். ஆகவே, இது ஆராய்ச்சிக் கருவியா, கலைப்படைப்பா, விளையாட்டா என்று கேட்டால் மூன்றும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1996 செப்டம்பரில் அது ஆஸ்திரியா நாட்டின் லின்ஸ் நகரிலுள்ள ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா மையத்திற்கு இடம் பெயர்ந்தது. 2004 ஆகஸ்டு வரை அங்கே இயங்கியது.

அமைப்பைப் பார்ப்போம். மண் நிரப்பிய ஒரு வட்டத் தொட்டி. அதன் நடுவில், தொழிற்சாலைகளில் பொருள்களை எடுத்து வைக்கப் பயன்படும் வகையைச் சேர்ந்த ஒரு ரோபோக் கை. நம் கைக்கு இருப்பதுபோலவே அதற்கும் தோள், முழங்கை என இரு மூட்டுகள் உண்டு. அவை கிடைமட்டமாகத் திரும்பும். நுனி மட்டும் மேலும் கீழும் இறங்கி ஏறும். நுனியில் ஒரு சிறு காமிராவும் நீர் விடும் குழாயும் பொருத்தப்பட்டிருந்தன. விதையைப் பற்றுவதற்கு விரல் கிடையாது. காற்றை உறிஞ்சும் ஊசி ஒன்று விதையைத் தன் முனையில் ஒட்டவைத்துக்கொண்டு போய் மண்ணில் விட்டது. இளநீரை உறிஞ்சும்போது ஸ்ட்ராவின் முனையில் வழுக்கைத் துண்டு ஒட்டிக்கொள்கிறதல்லவா? அதே தத்துவம்தான். வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் அதைத் தள்ளிப் பிடிக்கிறது.

இணையத்தின் வழியே வருபவருக்குத் திரையில் தோட்டத்தின் வரைபடம் தெரியும். அதில் ஓர் இடத்தைத் தட்டினால் அந்தப் புள்ளியின் ஆயத் தொலைவுகள் கணிப்பொறிக்குப் போகும். அது தோள் எத்தனை டிகிரி, முழங்கை எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று கணக்கிடும். நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் முக்கோணவியலுக்கு மிஞ்சிய கணக்கு இதில் இல்லை. கை அங்கே போய் நின்று ஒரு படம் எடுக்கும். படம் வந்தவரிடம் திரும்பி வரும். விரும்பினால் ஒரு பொத்தானைத் தட்டி நீர் ஊற்றலாம். பல முறை வந்து பொறுப்பாக நீர் ஊற்றியவர்களுக்கே விதை நட அனுமதி கிடைத்தது. முதல் ஆண்டிலேயே 9000 பேருக்கு மேல் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தறியாத இவர்கள், தாம் ஊருக்குப் போகும்போது தம் செடியைக் கவனித்துக்கொள்ளும்படி மற்றவரைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. அடுத்த வீட்டார் கதைதான். வீடுதான் உலகளவு பெரிதாகிவிட்டது.

தொலைவிலிருந்து ஒரு பொருளைப் பார்க்கும் விளையாட்டு இதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தினர் தங்கள் காப்பிப் பாத்திரத்துக்கு எதிரே ஒரு காமிராவை நிறுத்தினார்கள். தொலைவிலுள்ள அறைகளில் இருந்தவர்கள், காப்பி காலியாகிவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வதற்காக! ஏமாந்து வெறும் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்பியவர்களின் யோசனை அது. படத்தில் அகலத்தில் 128, உயரத்தில் 128 புள்ளிகள். நிறம் கிடையாது, கறுப்பும் வெளுப்பும் சாம்பலும்தான். நிமிடத்திற்கு மூன்று படங்கள்போல மாறும். பாத்திரம் மெதுவாகத்தானே நிரம்புகிறது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். 1993இல் இந்தப் படம் உலகளாவிய இணையத்தில் இணைக்கப்பட்டதும் வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் வந்தது. ஜப்பானிலிருந்து, "இரவிலும் விளக்கை எரியவிடக்கூடாதா? எங்கள் பகல் உங்கள் இரவாக இருக்கிறதே" என்ற பொருளில் வேண்டுகோள் வந்ததாம். 2001 ஆகஸ்டு 22 அன்று அந்தக் காமிரா நிறுத்தப்பட்டது.

ஒரு சிறு கணக்கு. 128ஐ 128ஆல் பெருக்கினால் 16,384 புள்ளிகள். ஒரு புள்ளியின் வெளிச்ச அளவைக் குறிக்க 8 பிட் என்று கொண்டால் 1,31,072 பிட். 1995வாக்கில் வீடுகளில் இருந்த நல்ல மோடம் வினாடிக்கு 28,800 பிட்டுகளைக் கடத்தியது. ஒரு படம் வந்து சேர ஏறக்குறைய நாலரை வினாடி ஆகும். இந்த மங்கலான, நத்தை வேகப் படங்களை வைத்துக்கொண்டுதான் மக்கள் செடி வளர்த்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். வரும் படம் மெய்யான தோட்டத்தின் படமா? யாரோ முன்பே எடுத்து அடுக்கிவைத்த படங்களில் ஒன்றை நம் முன் நீட்டுகிறார்களா? எப்படித் தெரிந்துகொள்வது?

கோல்ட்பெர்க்கும் நண்பர்களும் 1996இல் இந்தச் சந்தேகத்தையே ஒரு விளையாட்டாக ஆக்கினார்கள். இரண்டு 100 டாலர் நோட்டுகள். ஒன்று நல்லது, மற்றது கள்ள நோட்டு என்று அறிவிப்பு. வருபவர் தமக்கு ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியில் தொலைவிலிருந்தே சூடு வைத்தோ, துளையிட்டோ சோதித்துப் பார்க்கலாம். ஆனால், பணத்தைச் சிதைப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே சோதனை நடக்கும். எல்லாம் முடிந்தபின், "நோட்டும் இந்தச் சோதனையும் மெய் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டார்கள். ஏறத்தாழ எல்லோரும் இல்லை என்றே பதில் சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு துளையும் போட்டவர்கள், துளை போட்டதையே நம்பவில்லை! தண்டனை என்று வந்துவிட்டால் நம்பாமலிருப்பது வசதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துக்கு வந்தவர்களோ நம்பினார்கள்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்ததாக இருக்கலாம். பௌதிகம் இதில் ஏதாவது உதவி செய்யுமா? செய்யும், ஓர் எல்லை வரை.

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து லின்ஸ் நேர்க்கோட்டில் சுமார் 7000 கிலோமீட்டர். கட்டளை போகவும் பதில் வரவும் 14,000 கிலோமீட்டர். 14,000ஐ 2,00,000ஆல் வகுத்தால் 0.07 வினாடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் அதிகமாகும். ஆகவே, லின்ஸிலிருந்து வருவதாகச் சொல்லும் பதில் 0.07 வினாடிக்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டால், அது லின்ஸிலிருந்து வரவில்லை. இதில் வாதத்துக்கே இடமில்லை.

அப்படியானால், பதில் தாமதமாக வந்தால்? அது லின்ஸிலிருந்து வந்தது என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஏமாற்றுபவர் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பதில் அனுப்பலாமே! இந்தச் சோதனை பொய்யைப் பிடிக்கும், மெய்யை நிலைநாட்டாது. நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானத்தின் பல சோதனைகள் இந்த ஒற்றை வழிப் பாதையைப் போன்றவைதான்.

இரண்டாவது வழி, கேள்வியை நாமே தேர்ந்தெடுப்பது. தோட்டக்காரர் காட்டும் இடத்தைப் பார்க்காமல், நமக்குத் தோன்றிய இடத்தைக் காட்டச் சொல்வது. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் வலப்பக்கச் செடிக்கும், பூ விழுந்தால் இடப்பக்கச் செடிக்கும் நீர் ஊற்றச் சொல்வது. பத்து முறை இப்படிச் சுண்டினால் 1024 விதமான வரிசைகள் வரக்கூடும். முன்கூட்டியே ஒரே வரிசைக்குப் படம் தயாரித்து வைத்தவர் தப்புவது 1024இல் ஒரு வாய்ப்புத்தான். ஈரமண் கறுப்பாகவும் காய்ந்த மண் வெளுப்பாகவும் தெரியும். சாம்பல் நிறப் படத்திலும் இது தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி காலம். விதை நட்ட மறுநாள் மரம் நின்றால் சந்தேகப்படலாம். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், பிறகு மண்ணை விலக்கிக்கொண்டு வளைந்த தண்டு எட்டிப் பார்த்து, பக்கத்துச் செடியின் நிழலில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓர் இலையின் நுனி கருகி... இத்தனையையும் 9000 பேருக்கும் முரண்பாடின்றி, அவரவர் கேட்ட கோணத்தில் படமாகத் தயாரித்துக் கொடுப்பதென்றால் எவ்வளவு வேலை! 1995இல் பொய்த் தோட்டம் ஒன்று அமைப்பதைவிட மெய்த் தோட்டம் அமைப்பதுதான் எளிதாக இருந்தது. மக்களின் நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே என்பது என் கருத்து. செய்முறை வகுப்பில் மாணவர்கள் காட்டும் குறிப்பேட்டிலும் நான் இதைத்தான் பார்ப்பேன். ஊசலின் அலைவு நேரம் ஐந்து முறையும் ஒரே எண்ணாக இருந்தால், ஊசல் அங்கே ஆடவேயில்லை என்று பொருள். மெய்யான அளவீடு சற்றுக் கலைந்துதான் இருக்கும்.

நான்காவது, சாட்சிகள். இது இணையத்தோடு தோன்றிய பிரச்சினை அன்று. 1610இல் கலீலியோ, வியாழனைச் சுற்றி நான்கு துணைக்கோள்கள் இருப்பதாகத் தொலைநோக்கியில் கண்டு வெளியிட்டார். அவை கண்ணாடியில் தோன்றும் மாயை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிராக் நகரில் கெப்ளருக்கு ஒரு தொலைநோக்கி இரவலாகக் கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தாமும் உடனிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்து, கண்டதை ஒருவருக்கொருவர் காட்டாமல் சாக்கட்டியால் தனித்தனியே வரைந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். பேசிவைத்துக்கொள்ளாத சாட்சிகள்! தொலைத் தோட்டத்தின் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, அறியாமலே இதைத்தான் செய்தார்கள்.

கோல்ட்பெர்க் 1999இல் நண்பர்களுடன் செய்த மற்றொரு படைப்பு 'மோரி'. கலிபோர்னியாவின் ஹேவர்டு நிலப்பிளவில் வைத்த நில அதிர்வுமானியின் குறிகள் இணையத்தின் வழியே இடைவிடாமல் வந்து ஒலியாக மாறும். பூமியின் முனகலைக் கேட்பதுபோல் இருக்கும். இதில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பாறையில் முதல் அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. நிலநடுக்கம் மெய்யானால், அதே திசையில் 60 கிலோமீட்டர் கூடுதல் தொலைவிலுள்ள இன்னொரு நிலையத்தில் ஏறக்குறைய 10 வினாடி கழித்துப் பதிவாகியே தீரும்.

இன்றைய நிலை என்ன? செயற்கை நுண்ணறிவு நிரல்கள், இல்லாத செடியையும் இல்லாத மனிதரையும் சில வினாடிகளில் துல்லியமாக வரைந்துவிடுகின்றன. ஆகவே மூன்றாவது வழி, அதாவது பொய்யைத் தயாரிப்பது மெய்யைவிடக் கடினம் என்ற வாதம், பெரிதும் வலுவிழந்துவிட்டது. படம் தெளிவாக இருக்கிறது, ஆகவே மெய் என்று சொல்லும் காலம் போயிற்று. இரண்டாவது வழிக்கும் ஓட்டை உண்டு. கேட்டபிறகு உடனுக்குடன் வரைந்து தருபவரை நாணயம் பிடிக்காது. ஒளியின் வேகம் மாறவில்லை. பேசிவைத்துக்கொள்ளாத சாட்சிகளின் மதிப்பும் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது.

நீங்களே ஒரு தொலைத் தோட்டம் அமைத்துப் பாருங்கள். ரோபோ வேண்டாம். வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். முதற்குழு இரு தேங்காய்ச் சிரட்டைகளில் மண் இட்டு, ஊறவைத்த பாசிப்பயற்றை நடட்டும். இரண்டாம் குழு எதையும் நடாமல், தோட்டம் இருப்பதாகப் பாவனை செய்து படங்களைத் தயாரிக்கட்டும். கையால் வரைந்தாலும் சரி, கணிப்பொறியில் செய்தாலும் சரி. மூன்றாம் குழு கேள்வி கேட்பவர்கள். எது மெய்த் தோட்டம் என்பது ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். கேள்விக் குழு ஒவ்வொரு நாளும் நாணயம் சுண்டி, எந்தச் சிரட்டைக்கு நீர், எந்தப் பக்கத்திலிருந்து படம் என்று இரு குழுக்களுக்கும் ஒரே கட்டளையை எழுதி அனுப்பட்டும். வரும் படங்களைக் கேள்விக் குழுவினர் ஒருவரோடொருவர் பேசாமல் பார்த்து, 'மெய்' அல்லது 'பொய்' என்று காரணத்தோடு தனித்தனியே எழுதி உறையிலிட வேண்டும். பயறு மூன்றாம் நாளிலிருந்து தலைகாட்டத் தொடங்கும். எட்டாம் நாள் உறைகளைப் பிரித்து, சிரட்டைகளையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.