மெயில் போக மறுக்கிறதா? அளவு தீர்ந்திருக்கலாம்!

கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. இன்டர்நெட் வேலை செய்கிறது. பாஸ்வேர்டும் சரி. ஆனால் சென்ட் பட்டனில் கிளிக் செய்தால், மெயில் அனுப்பும் அளவை எட்டிவிட்டீர்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவார்கள். சிலர் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். உங்கள் மெயில் சேவையின் செர்வர்தான் "இப்போதைக்குப் போதும்" என்கிறது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? இலவச மெயில் கணக்கை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். வரம்பு இல்லாவிட்டால் ஒரே ஆள் லட்சக்கணக்கில் விளம்பர மெயில்களை, அதாவது ஸ்பாம்களை, அனுப்பிவிடுவார். அப்போது மற்ற செர்வர்கள் அந்த செர்வரிலிருந்து வரும் எல்லா மெயில்களையும் சந்தேகப்படும். உங்கள் மெயிலும் அதில் மாட்டிக்கொள்ளும். இது பழைய தொல்லைதான். 1978 மே மாதத்தில் அமெரிக்காவின் டிஇசி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கினார். இன்று அது ஜிமெயில் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும்!

ஜிமெயிலின் இலவசக் கணக்கில், ஒரே மெயிலை 500 பேருக்கு மேல் அனுப்பினாலோ, ஒரு நாளில் 500 மெயில்களுக்கு மேல் அனுப்பினாலோ இந்தச் செய்தி தோன்றும். 1 மணி நேரம் முதல் 24 மணி நேரத்துக்குள் தடை தானாக விலகும். அதுவரை சென்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. உங்களுக்கு வரும் மெயில்களைப் படிக்கலாம். அவசர விண்ணப்பம் ஏதாவது இருந்தால் வீட்டில் உள்ள வேறொருவரின் கணக்கிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

பிசிசி கட்டத்தில் போடும் முகவரிகளும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையை 600 பேருக்கு அனுப்ப வேண்டுமா? மூன்று நாட்களாகப் பிரித்து, நாளொன்றுக்கு 200 பேர் என்று அனுப்புங்கள். அடிக்கடி இப்படி அனுப்ப வேண்டியிருந்தால் கூகுள் குரூப்ஸில் ஒரு குழு தொடங்கலாம். குழுவின் ஒரே முகவரிக்கு நீங்கள் எழுதினால் போதும். உறுப்பினர்களுக்குப் பிரித்து அனுப்புவது அதன் வேலை.

இனிதான் முக்கியமான விஷயம். நீங்கள் அன்று நான்கு மெயில்தான் அனுப்பினீர்கள், ஆனாலும் அளவு தீர்ந்தது என்று வருகிறது. அப்படியானால் மீதியை அனுப்பியது யார்? உங்கள் பாஸ்வேர்டு வேறொருவர் கையில் இருக்கலாம். சென்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். திருடர்கள் அனுப்பியவற்றை அழித்துவிடுவது உண்டு. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, பக்கத்தின் அடியில் வலது மூலையில் உள்ள டீடெய்ல்ஸ் என்பதைக் கிளிக் செய்தால், கணக்கு எந்த ஊரிலிருந்து எந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்ற பட்டியல் வரும். நீங்கள் போகாத ஊர் இருந்தால் உஷார்.

முதலில் ஆன்டிவைரஸ் கொண்டு கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்யவும். அதன் பிறகே பாஸ்வேர்டை மாற்றவும். தட்டுவதை ஒட்டுக்கேட்கும் புரோகிராம் உள்ளே இருந்தால் புதிய பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபில்டர்கள், ஃபார்வர்டிங் ஆகிய பகுதிகளைப் பாருங்கள். திரும்பி வரும் மெயில்களை உங்கள் கண்ணில் படாமல் அழிக்கும் ஃபில்டரை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலோர் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள், இதைப் பார்ப்பதே இல்லை.

நீங்கள் அனுப்பாத மெயில்கள் "சேரவில்லை" என்று திரும்பி வந்து, அளவு தீர்ந்த செய்தி எதுவும் வராவிட்டால், யாரோ உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் பொய்யாக எழுதியிருக்கலாம். அது உங்கள் கணக்கைத் தொடாது.

திரும்பி வரும் மெயிலில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், செர்வரே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் முயலாது. 550 5.4.5 என்பது உங்கள் தினசரி அளவு முடிந்ததைக் குறிக்கும். நாளை சரியாகிவிடும் என்றாலும் இது 5-ல் தொடங்குவதால், அந்த மெயிலை நீங்களே மறுபடி அனுப்ப வேண்டும். 552 5.2.2 என்றால் நிரம்பியது எதிராளியின் மெயில் பெட்டி. அவருக்கு போன் செய்து சொல்லுங்கள்.

அலுவலக மெயிலுக்கு வரம்பை வைப்பது அங்குள்ள நிர்வாகி. மணிக்கு இத்தனை என்றுகூட வைத்திருப்பார். அவரைக் கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவார்.