உத்திரமேரூர்க் கிராமங்களில் ஆய்வு தொடங்கும் இளைஞருக்கு



உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சென்று புகையிலைப் பழக்கத்தைப் பற்றி விசாரிக்கப் போவதாகவும், கையில் கொடுக்கப்பட்ட படிவம் அந்த ஜனங்களுக்குப் பொருந்தவில்லை என்று தோன்றுவதாகவும் நீ எழுதியிருந்ததைக் கண்டு மிகவும் சந்தோஷமடைந்தேன். பிறர் வகுத்த கேள்விக்கு விடை நிரப்பிக் கொடுப்பதோடு நில்லாமல், கேள்வியை வகுக்கும் ஆற்றலே நம் தேசத்தில் வேரூன்ற வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

அது நம்மவரால் ஆகாத காரியம் அன்று. சென்னையில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோருடன் சேர்ந்து, சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு, 2003-ஆம் ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டார். மேல்நாட்டார் புகையின் கொடுமையைப் பெரும்பாலும் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டும் இருதய நோயைக் கொண்டும் அளந்துவந்த காலத்தில், புகைப்பவர் காசநோயால் இறக்கும் அபாயம் புகைக்காதவரைவிடச் சுமார் நான்கு மடங்கு என்பதை நிரூபித்தது இந்த ஆராய்ச்சி. காசநோய் குடிகொண்ட நாட்டில் இருப்பவருக்கல்லவா புகைக்கும் காசநோய்க்கும் தொடர்பு உண்டோ என்ற சந்தேகம் எழும்!

நம் நாட்டில் வயது வந்தோரில் புகையிலை உபயோகிப்போர் 2009-10-இல் நூற்றுக்கு 34.6 ஆக இருந்து 2016-17-இல் 28.6 ஆகக் குறைந்தனர் என்று தேசிய கணக்கெடுப்பு சொல்கிறது. நல்ல செய்திதான், ஆனால் உன் கிராமத்தின் நிலைமையை அது சொல்லாது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் "புகையிலை உபயோகிக்கிறீர்களா?" என்று படிவத்தில் கண்டபடி கேட்டால், "அந்த வழக்கமெல்லாம் இல்லப்பா, வெத்தல பாக்குதான்" என்பாள், பேசிக்கொண்டே சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, ஒரு துண்டுப் புகையிலையையும் கிள்ளி உள்ளே வைப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது தாம்பூலத்தில் அடக்கம். ஆகையால் வெற்றிலையோடு என்னென்ன சேர்ப்பாள் என்றே கேள். பீடி குடிப்பவரிடம் ஒரு கட்டு எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேள். குட்காவுக்கும் ஹான்ஸ் போன்ற புகையிலைப் பொட்டலங்களுக்கும் 2013 முதல் தமிழகத்தில் தடை இருப்பதால் அவற்றை உதட்டில் அடக்கும் வாலிபன் அஞ்சுவான். தகப்பனார் எதிரில் அவனைக் கேளாதே, பெயரையும் குறிக்காதே.

இந்த ஆய்வுக்கென்று புகையிலைக் கம்பெனியின் பணம் உபகாரச் சம்பளமாக வந்தாலும் விருந்தாக வந்தாலும் தொடாதே.

மற்றொன்று. பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பொறித்த சாசனம், ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை மட்டுமின்றி அவன் உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்று விலக்கிவைத்திருப்பதை நீ அறிவாய். ஜனங்களிடம் விவரம் வாங்கிச் சென்று, அதை எங்கோ அச்சிட்டுவிட்டு, அவர்களிடம் திரும்பியே வராத ஆராய்ச்சியாளரையும் நான் அவ்விதமே எண்ணுகிறேன். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் நீ கண்டதை எல்லோருக்கும் விளங்கும்படி வாசித்துக் காட்டு; பஞ்சாயத்துத் தலைவரிடம் இப்போதே சொல்லி வை. திருத்திய படிவத்தை அதற்கு முன்னரே எனக்கு அனுப்பு. கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருகிறேன்.